அம்மா வீட்டில் அமுக்கிய பொத்தான்

சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கும் ஆட்களை ஒரு அறையில் உட்காரவைத்து, அந்த அறைக்கு ‘நம்பிக்கைப் பிரிவு’ என்று பலகை மாட்டியிருக்கும் கம்பெனி ஒன்று உண்டு. அதன் கையில் போய் அண்ணி மாட்டிக்கொண்டது ஆசையால் அல்ல, வரியால்.

அண்ணி வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, டிரைவிங் ஸ்கூல்களுக்கு ஒரு சாஃப்ட்வேர் எழுதி விற்றுக்கொண்டிருந்தாள். எந்த மாணவர் எந்தக் காரில், எந்த வாத்தியாரோடு, எத்தனை மணிக்கு என்று அது ஒழுங்குபடுத்திக் கொடுக்கும். போன வாரம் காரைச் சுவரில் இடித்தவரை இந்த வாரமும் அதே வாத்தியார் தலையில் கட்டாது. வாத்தியார்கள் அதற்காகவே அதை விரும்பினார்கள். வாடிக்கையாளர்களின் போனை எடுப்பது அவளுடைய நாத்தனார். “இருங்க, அண்ணிகிட்ட கேட்டுச் சொல்றேன்” என்று ஒவ்வொரு போனிலும் அவள் சொல்லிச் சொல்லி, கண்ணால் பார்த்தேயிராத டிரைவிங் ஸ்கூல் முதலாளிகள் எல்லாருக்கும் இவள் அண்ணியாகிவிட்டாள். தலை நரைத்தவர்கள்கூட “அண்ணி, ரெண்டு கிளாஸ் ஒரே கார்ல விழுது” என்று குழைவார்கள்.

நாத்தனாருக்கு வீட்டில் போலீஸ் என்று பெயர். கடையில் நிறுத்து வாங்கிய வெங்காயத்தை வீட்டில் மறுபடி நிறுத்துப் பார்ப்பாள். பார்சல் கொண்டுவருகிறவர் சிரித்தால், எதற்குச் சிரித்தார் என்று மத்தியானம் வரை யோசிப்பாள். சந்தேகப்படுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது என்று குடும்பமே நம்பியிருந்தது. கம்பெனியைச் சந்திக்கும்வரை அந்த நம்பிக்கையில் குறை ஒன்றும் இல்லை.

மூன்றாவது ஆள் அண்ணியின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். பிறந்த வீட்டிலேயே இன்னும் குடியிருப்பவர். நடுவழியில் நின்ற லிஃப்டுக்குள் இருப்பவர்களைப் பார்த்து “பயப்படாதீங்க, திறந்துடலாம்” என்று சொல்வதுதான் அவர் பேசுவதில் நீளமான பேச்சு. அதையும் வீட்டில் யாரிடமும் சொல்லவேண்டி வந்ததில்லை.

வியாபாரம் உள்ளூரோடு இருந்தவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. வெளியூர், வெளிநாடு என்று ஆட்கள் வாங்க ஆரம்பித்ததும்தான் வினை வந்தது. வாங்குகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ அந்த இடத்து விற்பனை வரியை வசூலித்து அந்த இடத்து அரசாங்கத்துக்குக் கட்டவேண்டும். ஒரு இடத்தில் சாஃப்ட்வேர் என்பது பொருள். பக்கத்து இடத்தில் சேவை. இன்னொரு இடத்தில் டிஸ்க்கில் போட்டுக் கையில் கொடுத்தால் வரி உண்டு, இன்டர்நெட்டில் அனுப்பினால் இல்லை. அதற்கும் அடுத்த இடத்தில் இதற்கு நேர்மாறு. அண்ணியின் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆடிட்டர், இந்தப் பட்டியலைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“இதுக்கெல்லாம் ஒரு கம்பெனி இருக்கும்மா. கார்டுல பணம் வாங்கறது, வரி போடறது, கட்டறது எல்லாம் அவங்களே பாத்துப்பாங்க. அவங்ககிட்ட கொடுத்துடுங்க. எனக்கும் வயசாகுது.”

கம்பெனியின் வரவேற்பு அதிகாரி வீடியோவில் வந்தார். பல் தெரியச் சிரித்துக்கொண்டே பேசும் கலையை அவர் எங்கோ முறைப்படி கற்றிருக்கவேண்டும்.

“சட்டப்படி பாத்தா, நீங்க இனிமே யாருக்கும் எதையும் விக்கறதே இல்ல. நீங்க எங்களுக்கு விக்கறீங்க. அதே நொடியில நாங்க அவங்களுக்கு விக்கறோம். கடைக்காரர் நாங்க. வரி எங்க தலைவலி. நீங்க நிம்மதியாத் தூங்கலாம்.”

“நம்ம சாமானை அவங்க விக்கறாங்கன்னா, அப்ப நாம யாரு?” என்று போலீஸ் பக்கத்திலிருந்து கேட்டாள்.

நல்ல கேள்வி. ஆனால் அண்ணிக்கு அன்றைக்குத் தூக்கம்தான் தேவையாக இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டாள். இத்தனைக்கும் அவள் வேலையை விட்டு வந்தவள். பழைய ஆபீஸில் வருஷக்கணக்காக அடுத்தவர் எழுதியதைத் திருத்திக்கொண்டிருந்துவிட்டு, இனிமேல் என் பெயரில் ஒன்று செய்வேன் என்று ராஜினாமா கொடுத்தவள். அந்த மேனேஜர் இன்றைக்கும் எங்காவது எதிரில் பட்டால், “உங்க நாற்காலி காலியாத்தாம்மா இருக்கு” என்பார். அவருடைய கனிவுதான் அண்ணிக்கு உலகத்திலேயே பிடிக்காத விஷயம்.

புதுக் கடை இணையத்தில் தயாரானது. ‘வாங்கு’ என்று ஒரு பச்சைப் பொத்தான். அந்தச் சமயத்தில் அண்ணி இரண்டு நாள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். சாஃப்ட்வேர் எழுதி விற்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கடை திறந்ததும், முதல் ஆளாகத் தங்கள் சரக்கைத் தாங்களே, தங்கள் சொந்தக் கார்டைப் போட்டு வாங்கிப் பார்ப்பார்கள். சமைத்தவர் உப்புப் பார்ப்பது மாதிரி. இதற்கென்றே விளையாட்டுப் பணத்தில் வாங்கிப் பார்க்கும் வசதியைக் கம்பெனியே கொடுத்திருக்கும். அதை யாரும் நம்புவதில்லை. விளையாட்டுப் பணத்தில் எல்லாக் கடையும் நன்றாகத்தான் ஓடும்.

அம்மா வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, போனில், அண்ணி தன் கார்டு எண்ணைப் போட்டுப் பச்சைப் பொத்தானை அமுக்கினாள். ‘விற்பனை ஆனது. வாழ்த்துகள்’ என்று வந்தது. அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அடுத்த நாள் வீடு திரும்பும்போது இன்னொரு செய்தி வந்திருந்தது. ‘உங்கள் பாதுகாப்புக்காக உங்கள் கடையை மூடியிருக்கிறோம்.’

மூடியது அந்த ஒரு விற்பனையை மட்டும் அல்ல. பழைய வாடிக்கையாளர்கள் சந்தாவைப் புதுப்பிப்பதும் இனி அந்தக் கடை வழியாகத்தான். மாதக் கடைசிக்குள் கடை திறக்காவிட்டால் யாரும் புதுப்பிக்க முடியாது. புதுப்பிக்காவிட்டால் சாஃப்ட்வேர் நின்றுவிடும். கார்களை நடுத்தெருவில் நிறுத்த அண்ணிக்கு மனசு வராது. பூட்டைக் கழற்றி எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிடுவாள். அப்புறம் திங்கட்கிழமை காலையில் அந்தக் காலி நாற்காலியில் போய் உட்காரவேண்டியதுதான்.

போலீஸ்தான் முதலில் போனை எடுத்தாள். மறுமுனையில் மகிழ்ச்சி அதிகாரி. கம்பெனியில் அப்படி ஒரு பதவி.

“உங்க வருத்தம் எங்களுக்கு நல்லாப் புரியுது. உங்க வருத்தத்தைப் பதிவு பண்ணி, அதுக்கு ஒரு எண் கொடுத்திருக்கோம்.”

“அந்த எண்ணை வச்சுக்கிட்டு என்ன செய்யறது?”

“அடுத்த தடவை கூப்பிடும்போது அந்த எண்ணைச் சொன்னாப் போதும். முதல்லேருந்து வருத்தப்பட வேண்டியதில்ல.”

“கடையை எதுக்கு மூடினீங்க? அதைச் சொல்லுங்க.”

“காரணத்தைச் சொன்னா, அந்தக் காரணம் இல்லாத மாதிரி நீங்க நடந்துக்க ஆரம்பிச்சுடுவீங்க. அதனால சொல்றதில்ல.”

போலீஸ் போனை வைத்தாள். இப்படி ஒரு பதில் இத்தனை வருஷமாகத் தனக்குத் தோன்றவில்லையே என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

இரண்டு நாள் கழித்து நம்பிக்கை அதிகாரி வீடியோவில் வந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் ‘நாங்கள் உங்களை நம்புகிறோம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அவர் முகம் அதைப் படித்த மாதிரித் தெரியவில்லை.

“எங்க கடையில ஒரு அம்மா உங்க சாஃப்ட்வேரை வாங்கியிருக்காங்க. அவங்க மேல எங்களுக்குச் சந்தேகம். அவங்களை உங்களுக்குத் தெரியுமா?”

“அது நான்தாங்க.”

“தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்.”

“எவ்வளவு காலமா?”

“பிறந்ததுலேருந்து.”

“அவங்க நம்பகமானவங்களா?”

அண்ணி ஒரு நொடி தயங்கினாள். யாராக இருந்தாலும் தயங்குவார்கள். அவர் ஏதோ தட்டச்சு செய்தார். தயக்கத்துக்குத் தனிப் பொத்தான் இருக்கிறது போலும்.

“அவங்க வாங்கறதுக்கு முன்னாடி, நீங்க ரெண்டு பேரும் இதைப் பத்திப் பேசிக்கிட்டீங்களா?”

“சார், ரெண்டு பேர் இல்ல. ஒரே ஆள். பொத்தான் வேலை செய்யுதான்னு நானே வாங்கிப் பாத்தேன். எல்லாரும் செய்யறதுதான்.”

“எல்லாரும் செய்யறாங்கன்னுதான் நாங்களும் சந்தேகப்படறோம்” என்றார் அதிகாரி. “கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சட்டப்படி நீங்க எங்களுக்கு ஒரு பொருளை வித்திருக்கீங்க. அதே நொடியில அதே பொருளை, வரியும் சேத்துக் கொடுத்து, எங்ககிட்டேருந்து வாங்கியிருக்கீங்க. தன்னோட சாமானை அதிக விலை கொடுத்துத் திரும்ப வாங்கறவங்களை நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா? புத்தி சரியா இருக்கிறவங்க செய்வாங்களா? எங்களைப் பத்தித் தெரிஞ்ச யாராவது எங்ககிட்ட வாங்குவாங்களா?”

கடைசிக் கேள்வியைக் கேட்டபிறகு அவரே கொஞ்சம் யோசித்துவிட்டு, அதைப் பதிவிலிருந்து நீக்கிவிடும்படி சொன்னார். இதுவரை நடந்தது தயாரிப்பாளரிடம் விசாரணை, அடுத்தது வாங்கினவரிடம் விசாரணை, அந்த அம்மாவை வந்து உட்காரச் சொல்லுங்கள் என்றார்.

“நான்தானே சார்...”

“நீங்க எழுந்துக்கணும். அவங்க உட்காரணும். ரெண்டும் ஒரே உட்காரலா இருந்தா பதிவு ஏத்துக்காது.”

அண்ணி எழுந்து, சமையலறை வாசல்வரை போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தாள். அதிகாரி புதிதாக ஒரு வணக்கம் சொன்னார். “இந்த சாஃப்ட்வேர் செஞ்சவங்களை உங்களுக்கு முன்னப்பின்ன தெரியுமா?” என்று கேட்டார். அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. தெரியும் என்று சொன்னால் கூட்டுச் சதி, தெரியாது என்று சொன்னால் பொய். அவள் வாய் திறக்காமல் இருப்பதைப் பார்த்து அதிகாரிக்கு இரக்கம் வந்துவிட்டது.

“பதட்டப்படாதீங்க. பதட்டம் நல்ல அடையாளம்தான். திருடங்க பதட்டப்படவே மாட்டாங்க. கேட்டதுக்கெல்லாம் பட்டுப்பட்டுன்னு பதில் சொல்லி, அன்னைக்கே கடையைத் திறந்து, அடுத்த நாள் ஓடிடுவாங்க. எங்ககிட்ட வாரக்கணக்குல மாட்டிக்கிட்டு இருக்கிறவங்க எல்லாம் பெரும்பாலும் நேர்மையானவங்கதான். எங்க அனுபவத்துல சொல்றேன், நீங்க பெருமைப்படணும்.”

ஆளைப் பொறுத்தவரை விசாரணை முடிந்தது. அடுத்தது இடம். அதற்கு வேறொரு அதிகாரி, இடத் தீர்மான அதிகாரி. நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குபவரின் முகம். வாங்கினவர் எங்கே இருந்தார் என்பதற்கு ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் இரண்டு சாட்சி வேண்டும் என்பது அவருடைய வேதம். அண்ணியின் கார்டு, அவள் கணவர் வீட்டில் இருந்தாள் என்றது. அவள் போன், அம்மா வீட்டில் இருந்தாள் என்றது. நடுவில் வரி எல்லை ஒன்று ஓடுகிறது. இந்தப் பக்கம் ஒரு வரி, அந்தப் பக்கம் இன்னொன்று.

“முதல்ல ஒரு சின்னக் கேள்வி. உங்க சாஃப்ட்வேரைக் கையால தொட முடியுமா?”

“முடியாது.”

“முயற்சி பண்ணிப் பாத்தீங்களா?”

“இல்ல.”

“அப்ப ‘முடியாதுன்னு நம்புகிறார்’னு எழுதிக்கறேன். சரி, பொத்தானை அமுக்கும்போது நீங்க அம்மா வீட்ல. அங்கயே குடியிருக்கிற எண்ணத்துல போனீங்களா, இல்ல விருந்தாளியாப் போனீங்களா?”

“சும்மா போயிருந்தேன்.”

“கல்யாணமான பொம்பளை அம்மா வீட்டுக்குச் சும்மாவும் போவாங்க, கோவிச்சுக்கிட்டும் போவாங்க. சும்மா போனா விருந்தாளி, புருஷன் வீட்டு வரி. கோவிச்சுக்கிட்டுப் போனா திரும்பற எண்ணம் இல்லன்னு அர்த்தம், அம்மா வீட்டு வரி. சட்டத்துல ‘கோவம்’ங்கற வார்த்தை இல்ல. ‘குடியிருக்கும் எண்ணம்’னு இருக்கு. ரெண்டும் ஒண்ணுதான்னு என் சொந்த அனுபவம்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த போலீஸின் தலை மெல்லத் திரும்பியது. “அண்ணி, கோவிச்சுக்கிட்டா போனீங்க?”

வெங்காயத்தில் ஆரம்பித்துக் கூரியர்காரர் சிரிப்புவரை எல்லாவற்றையும் துருவியவள், சொந்த வீட்டில் நடந்த இதைக் கவனிக்கவில்லை. அண்ணி அவளைப் பார்க்காமல் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

“ஆமா.”

நடந்தது இதுதான். கணவரின் பழைய சிநேகிதர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். உங்க வீட்டுக்காரம்மா என்ன பண்றாங்க என்று கேட்டார். அண்ணி சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். “சும்மாதான் இருக்கா. கம்ப்யூட்டர்ல ஏதோ பண்ணிட்டிருப்பா” என்று கணவர் சொன்னது அவள் காதில் விழுந்தது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவருக்கு அவ்வளவுதான் பேச வரும். ஆனால் அண்ணிக்கு நெஞ்சு எரிந்தது. டீயைக் கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். யாரும் கோபம் என்று நினைக்கவில்லை. அதுவும் சேர்ந்து எரிந்தது. அம்மா வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கியது அது வேலை செய்கிறதா என்று பார்க்க மட்டும் அல்ல. நான் சும்மா இல்லை என்று யாராவது சொல்லவேண்டியிருந்தது. யாரும் சொல்லாததால் ஒரு கம்பெனி சொன்னது.

“அவர் சொன்ன ஒரு வார்த்தையால கோவமாத்தான் போனேன். ஆனா திரும்பி வருவேன்னு எனக்குத் தெரியும்” என்றாள்.

“அப்படி ஒரு கட்டம் எங்ககிட்ட இல்லம்மா” என்றார் அதிகாரி வருத்தத்தோடு. “கோவம் எப்பத் தணிஞ்சது? அமுக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“அமுக்கினப்புறம்தான். விற்பனை ஆனதுன்னு வந்துச்சில்ல, அதைப் படிச்சப்புறம்.”

அவர் முகம் மலர்ந்தது. “அப்ப அமுக்கின நேரத்துல கோவத்துல இருந்திருக்கீங்க. அம்மா வீட்டு வரி. இவ்வளவு தெளிவா ஒரு வாடிக்கையாளர் எங்களுக்குக் கிடைச்சதே இல்ல. உங்க வீட்டுக்காரர் மட்டும், ஆமா, நான்தான் கோவப்படுத்தினேன்னு ஒரு கையெழுத்து போடணும். காரணம் அவர் சொன்ன வார்த்தையிலயே இருக்கட்டும்.”

சாயந்திரம் கணவர் வேலை முடிந்து வந்தார். விரல்களில் கிரீஸ். போலீஸ் தாளை மேஜையில் வைத்தாள். ‘சும்மாதான் இருக்கா’ என்று தன் வார்த்தை அச்சில் இருப்பதை அவர் படித்தார். கைகழுவிவிட்டு வந்து மறுபடியும் படித்தார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணி கவனித்தாள். கவனிக்காத மாதிரி இருந்தாள்.

வாரக் கடைசியில் மகிழ்ச்சி அதிகாரியே போன் செய்தார்.

“வாழ்த்துகள். உங்க கடையைத் திறந்துட்டோம். இனிமே தைரியமா விக்கலாம்.”

அண்ணிக்கு உடம்பே லேசானது. “எல்லாரும் புதுப்பிக்கலாம் இல்லையா?”

“எல்லாரும்னா?”

“டிரைவிங் ஸ்கூல்காரங்க எல்லாரும்.”

“அவங்களை எங்களுக்குத் தெரியாதே. உங்க விசாரணை முடிஞ்சப்புறம்தான் எங்களுக்கே உறைச்சது. ஒரு வாடிக்கையாளர்னா அவங்க யாரு, எங்க இருந்தாங்க, எந்த எண்ணத்துல வாங்கினாங்க, கோவம் எப்பத் தணிஞ்சதுங்கற வரைக்கும் தெரிஞ்சிருக்கணும். அந்த அளவுக்குத் தெரிஞ்ச ஆள் எங்க கம்பெனிக்கே ஒருத்தர்தான் இருக்காங்க. அவங்களுக்கு நீங்க எவ்வளவு வேணும்னாலும் விக்கலாம்.”

“அது நான்.”

“ஆமாம். உங்களை முழுசா நம்பறோம்.”

அண்ணி போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டாள். கடையை எல்லாருக்கும் திறக்க என்ன செய்யவேண்டும் என்று கேட்டாள். ஒரே ஒரு வாடிக்கையாளர் இருந்தால் அதற்குப் பெயர் சந்தை அல்ல, பழக்கம் என்றார் மகிழ்ச்சி அதிகாரி. இரண்டாவதாக ஒருவர் வாங்கிப் பார்த்து, விசாரணையில் தேறினால் சந்தை என்று ஆகிவிடும், அப்புறம் எல்லாருக்கும் திறந்துவிடுவார்களாம். மாதக் கடைசிவரை அவகாசம் உண்டாம்.

போலீஸ் டிரைவிங் ஸ்கூல் முதலாளிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரணைக்கு அனுப்பினாள். போனவர்கள் எல்லாரும் விழுந்தார்கள். ஒருவர் லைசென்ஸ் டெஸ்ட் மைதானத்தில் நின்றுகொண்டு வாங்கியிருந்தார்; அந்த மைதானத்தின் நடுவிலேயே வரி எல்லை போகிறது, அவர் எந்தக் காலில் நின்றார் என்று அவருக்கு ஞாபகம் இல்லை. இன்னொருவரிடம் வாங்கும்போது கோபமாக இருந்தீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். அப்போது இல்லை, இப்போது இருக்கிறது என்று சொல்லி அவர் எழுந்து போய்விட்டார். அவர் அண்ணிக்கும் போன் செய்தார். “அண்ணி, நீங்க நல்லவங்கதான். ஆனா உங்க சேர்க்கை சரியில்ல.”

மாதக் கடைசிக்கு முந்தின நாள். அண்ணி பழைய ஆபீஸுக்குக் கட்டிக்கொண்டு போகவேண்டிய புடவைகளை அலமாரியில் தேடிக்கொண்டிருந்தாள். கதவோரம் வந்து நின்ற கணவர் தொண்டையைச் செருமினார்.

“நான் வாங்கினா ஆகாதா?”

போலீஸுக்கு உடனே பொறி தட்டியது. அண்ணனுக்கு இடப் பிரச்சினையே கிடையாது. பிறந்ததிலிருந்து ஒரே வீடு. கார்டும் அங்கேதான், போனும் அங்கேதான். கோபித்துக்கொண்டு போக அவருக்கு வேறு வீடே இல்லை. சொந்தக்காரர் வாங்கக்கூடாது என்றும் விதி இல்லை, நியாயமான வியாபாரக் காரணம் மட்டும் இருந்தால் போதும். காரணத்தைப் போலீஸ் தயார் செய்தாள். லிஃப்ட் வேலை அலுத்துவிட்டது, டிரைவிங் ஸ்கூல் ஆரம்பிக்கப் போகிறேன், அதற்காக இப்போதே வாங்குகிறேன். ஒரே வாக்கியம். அவரை உட்காரவைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தாள். அவரும் தலையாட்டிக்கொண்டே சொன்னார்.

அவர் பச்சைப் பொத்தானை அமுக்கினார். மத்தியானமே நம்பிக்கை அதிகாரி திரையில் வந்துவிட்டார். சம்பந்தப்பட்டவர்கள் அறையில் இருக்கக்கூடாது என்றார். அண்ணியும் போலீஸும் சமையலறைக்குப் போனார்கள். நடுவில் இருந்தது பலகைத் தடுப்புதான். பதில்களைச் சத்தமாகத் திரும்பப் படித்து உறுதி செய்துகொள்வது கம்பெனியின் வழக்கம் என்பதால், அடுப்படியில் நின்றாலும் ஒரு சொல் தவறாமல் கேட்டது.

“உங்ககிட்ட டிரைவிங் ஸ்கூல் இருக்கா?”

“இல்ல.”

“கார்?”

“இல்ல.”

“கார் ஓட்டத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்புறம் இந்த சாஃப்ட்வேரை எதுக்கு வாங்கினீங்க?”

சொல்லு, சொல்லு என்று போலீஸ் உதட்டை அசைத்தாள். அண்ணி தடுப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

“என் பொண்டாட்டி செஞ்சது” என்றார் கணவர். “நல்லா இருக்கும்.”

போலீஸ் தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“திரும்பப் படிக்கறேன். ‘என் மனைவி செய்தது. நன்றாக இருக்கும்.’ இதானே?”

“ஆமா.”

“ஆமான்னு சொன்னா பத்தாது. உங்க வாயால முழுசாச் சொல்லணும்.”

“என் பொண்டாட்டி செஞ்சது. நல்லா இருக்கும்.”

“இது வியாபாரக் காரணம் இல்லங்க. மாத்திச் சொல்ல உங்களுக்கு வாய்ப்பு இருக்கு. மாத்திக்கறீங்களா?”

“இல்ல.”

“அப்ப இறுதிப் பதிவுக்காகக் கடைசியா ஒரு தடவை. கொஞ்சம் உரக்க.”

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் குரல் உயர்த்தத் தெரியாதா என்ன. இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களுக்குக் கேட்கும்படி பேசிப் பழகியவர். வீடே அதிரும்படி, எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும்படி, அந்த இரண்டு வாக்கியத்தையும் அவர் சொன்னார்.

அதிகாரி நன்றி சொல்லிவிட்டு மறைந்தார். கணவர் எழுந்து சமையலறைப் பக்கம் வருவதற்குள் கம்பெனியின் முடிவு அண்ணியின் போனுக்கு வந்துவிட்டது. வாங்கியவரிடம் நம்பத்தகுந்த காரணம் எதுவும் இல்லை. கடை நிரந்தரமாக மூடப்படுகிறது. அதிருப்தி இருந்தால் மேல்முறையீடு செய்யலாம், அதில் வாங்கியவர் மறுபடி முதலிலிருந்து விசாரிக்கப்படுவார்.

போலீஸ் அதைப் படித்துவிட்டு அண்ணன்மேல் பாய எழுந்தாள். அவர் வாசலில், திருட்டு முழி முழித்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார். அண்ணி நாத்தனாரின் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் கண் நிறைந்திருந்தது.

“திட்டாத. மேல்முறையீடு போடு. அவரை இன்னொரு தடவை கேக்கட்டும்.”